லாச்சிக்கு உடைத்த தேங்காய்

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று செயலாளர் தொலைபேசி எடுத்தார். எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் கடை வைத்திருக்கிறவர், வாயில் எப்போதும் கற்கண்டு. “அண்ணை, உங்கடை வாழ்க்கையை எழுதுங்கோ. வாசிக்கிறவைக்குக் கண்ணீர் வரோணும்” என்றார். அவர் எதிர்பார்ப்பது என்னவென்று எனக்குத் தெரியும். காடு, பனி, எல்லை, நடுவழியில் கைவிட்ட ஏஜென்சிக்காரன். அதையெல்லாம் எழுதியவர்கள் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் வருடத்துக்கு வருடம் இன்னும் கொஞ்சத் தூரம் கூடுதலாக நடந்திருக்கிறார்கள்.

நான் இருபத்தாறு வருடம் செய்த வேலை வேறு. ஓடுகிற வீடுகளில் இறுகிப்போன அறைகளை வெளியே எடுப்பதும் உள்ளே தள்ளுவதும்தான் என் தொழில். இதைப் படித்து யாருக்கும் கண்ணீர் வராது. வந்தால் அந்த வண்டிகளின் சொந்தக்காரருக்குத்தான் வரும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர் கம்பிங்கார் என்று ஒரு வண்டி வைத்திருப்பார்கள். கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். ஐரோப்பாவில் செய்த வண்டிகள் இருக்கிற இடத்துக்குள் அடங்கி ஒடுங்கி இருக்கும். அமெரிக்காவில் இருந்து வருகிறவற்றுக்கு அந்த அடக்கம் கிடையாது. நிறுத்திய இடத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கச்சுவர் சோபாவோடு சேர்ந்து ஒரு மீற்றர் வெளியே போகும், உள்ளே ஒரு விறாந்தை அளவு இடம் கிடைக்கும். புறப்படும்போது மறுபடி பொத்தானை அழுத்தினால் சுவர் திரும்பி உள்ளே வரும். மேசையின் இழுப்பறையை யாழ்ப்பாணத்தில் லாச்சி என்போம். இதுவும் ஒரு பெரிய லாச்சிதான். எங்கள் பட்டறையில் பிரெஞ்சிலும் இழுப்பறை என்றுதான் சொன்னார்கள் என்பதால் நானும் லாச்சி என்றே எழுதுகிறேன்.

லாச்சி வெளியே இறுகினால் வண்டியை வீதியில் ஓட்ட முடியாது. உள்ளே இறுகினால் வண்டி ஓடும், ஆனால் சோபா எதிர்ப்பக்கத்து அலுமாரிகளில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். அலுமாரிக் கதவை ஒரு விரலளவுகூடத் திறக்க முடியாது. உடுப்பு, மருந்து, கடவுச்சீட்டு எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் கைக்கு எட்டாது. இந்த இரண்டாவது வகையைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

நான் தொழில் பழகிய கதை சுருக்கமானது. முதல் மூன்று வருடம் உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு லா கூர்னெவில் கிடங்குகளுக்கு நடுவே இருந்த ஒரு பட்டறையில் வண்டி கழுவினேன். கோப்பைகளைவிட வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அதை ஒரு பதவி உயர்வாக எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் மெக்கானிக் ஒருவர் வரவில்லை. தலைமை மெக்கானிக் என்னைப் பார்த்து, டோர்ச்சைப் பிடி என்றார். பிடித்தேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை நான் டோர்ச்சைக் கீழே வைக்கவில்லை.

அவர் பெயர் லூசியன். பிரெத்தாஞ் என்ற கடற்கரை மாகாணத்து ஆள், மீன் கடைக்காரரைப் போல எப்போதும் நீல நிற மேலங்கி. முசியே லூசியனுக்குக் கோபம் வராது. அதைவிட மோசமாக, அவர் காத்திருப்பார். எந்த வண்டி வந்தாலும் ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டு உட்காருவார். முதல் பதினைந்து நிமிடத்துக்கு யாரும் திருகுசாவி போன்ற ஆயுதம் எதையும் தொடக் கூடாது. அந்த நேரத்தில் சொந்தக்காரரிடம் விடுமுறை எப்படிப் போனது, நாய்க்குக் கடல் பிடித்ததா என்றெல்லாம் விசாரிப்பார். கடைசியில், போகிற போக்கில் கேட்பதுபோல, கடைசியாக என்ன செய்தீர்கள் என்பார்.

எங்கள் வேலைத்தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் இருபத்தாறு வருடமும் ஒரே சொல்லைத்தான் எழுதினேன்: ‘ஒன்றுமில்லை’. பிரெஞ்சுக்காரர் யாருமே ஒன்றுமே செய்வதில்லை. நகராத சுவரையும் நகருகிற சுவரையும் ஒரே பலகையால் சேர்த்து ஆணி அறைந்துவிட்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒன்றும் செய்யவில்லை. லாச்சியின் தண்டவாளத்தில் ஈரத் துவாய் காயப்போட்ட அம்மையாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பார் முசியே லூசியன். தான் செய்ததை ஒருவனும் பழுது என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான்.

பதினைந்து நிமிடம் முடிந்ததும் சோதனை தொடங்கும். வண்டி சமமாக நிற்கிறதா, கைப்பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் சில வண்டிகளில் லாச்சி அசையாது. அடுத்தது பற்றரி. அதைச் சும்மா இருக்கும்போது அளந்தால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார். வேலை இல்லாத நேரத்தில் எல்லாப் பற்றரியும் நல்ல பற்றரிதான், பொத்தானை அழுத்திக்கொண்டு அள என்பார். பிறகு காது. சத்தமே இல்லையென்றால் பியூஸ் அல்லது வயர். ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் ரிலே. மோட்டார் சுற்றியும் அறை நகரவில்லையென்றால் உள்ளே தண்டையும் பல்சில்லையும் இணைக்கிற ஊசி முறிந்திருக்கிறது. மோட்டார் முனகிவிட்டு நின்றால் வழியில் ஏதோ நிற்கிறது. அதற்குப் பிறகு லாச்சியின் இரண்டு முனைகளிலும் சோக்குக் கட்டியால் கோடு கீறி, எந்த முனை பின்தங்குகிறது என்று பார்ப்பார்.

பொத்தானை இரண்டு தரம் அழுத்தலாம், மூன்றாம் தரம் கூடாது. மூன்றாம் தரம் அழுத்துவது பிரார்த்தனை, அதற்கு வேறு கட்டடம் இருக்கிறது என்பார்.

இந்த விதியை மீறித்தான் நான் அதைக் கற்றேன். ஒரு வயோதிபத் தம்பதியின் வண்டி, லாச்சி பாதியில் நின்றுவிட்டது. முசியே லூசியன் சாப்பிடப் போயிருந்தார். நான் பொத்தானைப் பத்துத் தரம் அழுத்தினேன். பிறகு அடியில் புகுந்து மோட்டார்த் தண்டில் திருகுசாவியைக் கொழுவி, என் வீரம் முழுவதையும் காட்டித் திருகினேன். டக் என்று ஒரு சத்தம், சாவி இலேசாகச் சுற்றத் தொடங்கியது. எனக்கோ சந்தோஷம். அவர் திரும்பி வந்து உள்ளே ஏறி, சோபாவுக்கு அடியில் கையை விட்டு, இறுகியிருந்த செருப்பு ஒன்றை இழுத்து எடுத்தார். “நீ வென்றுவிட்டாய். இப்போது இரண்டு பழுது” என்றார். மடக்குக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். முறிந்த ஊசியை நானே கழற்றி நானே மாற்றும்வரை மூன்று மணித்தியாலம் ஒரு சொல் பேசவில்லை. ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

இப்படி இருபத்தாறு வருடம். பட்டறையில் எனக்கு நல்ல மரியாதை. கஷ்டமான லாச்சி வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நடுவே நான் மெக்கானிக்காக இருந்ததே இல்லை. என் மனைவி பத்மா அதை அனுமதிக்கவில்லை. முதலில் நான் ‘வாகனக் கம்பனியில் வேலை’. பிறகு ‘டெக்னிக்கல் பகுதி’. மகள் நிலானி பல்கலைக்கழகம் போன வருடம் நான் எஞ்சினியர் ஆனேன். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் லா சப்பலில் சாமான் வாங்கப் போகும்போது ஒருவர் “எஞ்சினியர் அண்ணை” என்று கூப்பிட்டால், உண்மையைச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்தேன்.

நிலானிக்கு உடன்படித்த ரொஷானைப் பிடித்திருந்தது. நாங்கள் அதைப் பேச்சுக் கல்யாணமாக மாற்றினோம். முடிவான பிறகு சாதகம் பொருத்தி, விரும்பிய பிறகு விசாரணை வைத்து, எல்லாவற்றையும் முறைப்படி செய்தோம். மாப்பிள்ளை வீட்டார் கூசேன்விலில் இருந்து வந்தார்கள். பத்மா தேநீர் கொடுத்துக்கொண்டே “இவர் கம்பனியிலை எஞ்சினியர்” என்றாள். சம்பந்தி அம்மா தேநீரை வாங்கிக்கொண்டே “இவர் ஏர்போட்டிலை அதிகாரி” என்றார். நானும் ரொஷானின் தகப்பன் ஞானமும் பிஸ்கற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘பொறியியலாளர்’ என்றும் அவர் பெயருக்குக் கீழே ‘விமான நிலைய அதிகாரி’ என்றும் பொன் எழுத்தில் அச்சடித்தார்கள். எனக்குள் பயம் பிடித்துக்கொண்டது. ஓர் அதிகாரி வீட்டுக்கு மெக்கானிக் பெண் கொடுக்கிறான் என்று தெரிந்தால் என் பிள்ளை அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள் என்று கவலைப்பட்டேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அதுவரை யாரும் பட்டறைப் பக்கம் வராமல் இருந்தால் சரி.

கல்யாணம் லா கூர்னெவில், கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய மண்டபத்தில். அங்கே மணமகள் உடுத்த ஒழுங்கான அறை கிடையாது. அதற்கு லா சப்பலில் வீடியோக்கடை வைத்திருந்த வரதன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். எங்கள் பட்டறைக்கு விற்பனைக்கு வந்த பழைய அமெரிக்க வண்டி ஒன்றை என் மூலமாக வாங்கி, உள்ளே கண்ணாடியும் விளக்கும் பூட்டி, ‘மணப்பெண் மாளிகை’ என்று பெயர் எழுதிவிட்டான். முதல் வாடகை எங்கள் கல்யாணம். லாச்சியை நானே எண்ணெய் போட்டுச் சரிபார்த்துக் கொடுத்தேன். எஞ்சினியர் பார்த்த வண்டி என்று வரதன் எல்லோருக்கும் சொன்னான்.

காலை ஏழு மணிக்கு வண்டியை மண்டபத்து முற்றத்தில் நிறுத்தி லாச்சியை வெளியே விட்டோம். தனக்குப் புது வாகனம் என்பதால் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான் வரதன். முன்னால் ஒரு தேங்காயை அடித்து உடைத்தான். பிறகு மற்றத் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் ஒரு தொழில்நுட்பச் சந்தேகம் கேட்டான்.

“அண்ணை, லாச்சியும் ஓடுறதுதானே. வண்டி முன்னுக்குப் போறதுக்கு முன்னாலை உடைச்சம். லாச்சி பக்கத்தாலையெல்லோ போகுது. அதுக்கும் ஒண்டு உடைக்கிறதோ?”

யோசித்துப் பார்த்தேன். நியாயமாகத்தான் பட்டது. எஞ்சினியர் என்ற முறையில் ஓம் என்றேன். மாப்பிள்ளை வீட்டாரும் அப்போது வந்து இறங்கியதால் தேங்காயை அவனிடம் இருந்து வாங்கி நானே லாச்சிக்கு முன்னால் நின்று ஓங்கி அடித்தேன். சீமெந்துத் தரை. தேங்காய் தூள் தூளாகச் சிதறியது. நல்ல சகுனம் என்றார் சம்பந்தி அம்மா.

அவர் கையில் கூறைச் சேலையும் தாலியும் வைத்த தட்டு இருந்தது. முந்தின மாதம் அதே மண்டபத்தில் யாருடையதோ நகைப்பை காணாமல் போனதாம். ஆகவே பூட்டுப் போடக்கூடிய ஒரே இடமான வண்டி அலுமாரியில் தட்டை வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நிலானி முதல் சேலையை உடுத்திக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள். ஒன்பது மணிக்குச் சமையல்காரரின் லொறி வந்தது. லாச்சி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் லொறி நுழைய முடியவில்லை. வரதன் பொத்தானை அழுத்தி லாச்சியை உள்ளே எடுத்தான். முடிகிற இடத்தில் ‘கடக்’ என்று ஏதோ கேட்டது என்று பிறகு சொன்னான். லொறி உள்ளே போனது. ஒன்பதரைக்கு லாச்சியைத் திறக்கப் பொத்தானை அழுத்தினான். அது முனகிவிட்டு நின்றது.

முகூர்த்தம் பத்தேகாலுக்கும் பதினொன்றரைக்கும் இடையில். மணவறையில் மாப்பிள்ளை இருக்கிறார். தாலியும் கூறையும் அலுமாரிக்குள். அலுமாரிக் கதவில் சோபா முட்டிக்கொண்டு நிற்கிறது.

பத்து மணிக்கு எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது வரதன் பொத்தானை இருபதாவது தரம் அழுத்திக்கொண்டிருந்தான். வண்டியைச் சுற்றி ஐம்பது பேர். எங்கள் ஆட்கள் கூடிய இடத்தில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. அலுமாரியைக் கோடரியால் கொத்தலாம் என்றார் ஒருவர். வரதன் அழாக்குறையாகக் குறுக்கே நின்றான். கனடாவில் இருக்கும் மைத்துனருக்கு இப்படியான வண்டி உண்டு என்று ஒருவர் அவரை வீடியோவில் எழுப்பினார். அந்த மனிதர் கட்டிலில் இருந்தபடி, தன்னுடையது வேறு மாதிரி என்பதை விளக்கமாகச் சொன்னார். ஐயருக்குப் பிற்பகல் கூசேன்விலில் வேறொரு சடங்கு இருந்தது. அவர் பஞ்சாங்கத்தையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்து, நேரம் தவறினால் அடுத்த கல்யாண முகூர்த்தம் மூன்று கிழமைக்குப் பிறகு என்று அறிவித்தார்.

மாப்பிள்ளையின் பெரியப்பா ஒருவர் என்னைப் பார்த்து, “நீங்கள் எஞ்சினியர்தானே, என்ன செய்யோணும் எண்டு சொல்லுங்கோ, ஆரும் பெடியள் செய்வினம்” என்றார். பத்மா என்னைப் பார்த்த பார்வையில் கட்டளை இருந்தது. கீழே படுக்காதே. நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினேன். எஞ்சினியர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்தேன். தெரிந்த வேலை எல்லாம் தலையை விட்டுப் போய்விட்டது. கால் மணித்தியாலம் நான் எஞ்சினியராக இருந்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பயனற்ற கால் மணித்தியாலம் வேறு இல்லை.

கடைசியில் வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்ட முசியே லூசியனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மோட்டார் முனகி நிற்கிறது என்றேன். அவர் வாழ்த்துச் சொன்னார், மகள் எப்படி இருக்கிறாள் என்றார், காலநிலை விசாரித்தார். பிறகு போகிற போக்கில், கடைசியாக என்ன செய்தீர்கள் என்றார்.

“ஒன்றுமில்லை” என்றேன்.

மறுமுனையில் அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவது எனக்குக் கேட்டது. நெற்றியில் சந்தனத்தோடு வேர்வை வழிய நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில், தேங்காய் ஒன்று உடைத்தோம் என்றேன். எங்கே என்றார். லாச்சிக்கு முன்னால், வெளியே நீட்டிக்கொண்டிருந்தபோது. யார் உடைத்தது என்றார். நான்தான். ஏன் என்றார். அதை ஒரு பிரெத்தாஞ்காரருக்குத் தொலைபேசியில் விளக்குவது சுலபமில்லை. வழியில் தடை ஏதும் வராமல் இருக்கத்தான் என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “நல்லது. அப்படியானால் தடை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

லாச்சி வெளியே நிற்கும்போது அதன் அடியில் பற்கள் வெட்டிய நீண்ட இரும்புச் சட்டம் ஒன்று திறந்தபடி தெரியும். மோட்டாரின் பல்சில்லு அந்தச் சட்டத்தில் ஓடித்தான் லாச்சியை உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோகிறது. நான் ஓங்கி அடித்த தேங்காயின் சிரட்டை ஒன்று துள்ளிப் போய் அதில் உட்கார்ந்திருக்கவேண்டும். இனி அடியில் படுக்காமல் ஒன்றும் நடக்காது. மணி பத்தே முக்கால்.

பொன்கரை வேட்டியை மடித்துக் கட்டினேன். சால்வையைப் பத்மாவிடம் கொடுத்தேன், அவள் வாங்கவில்லை. பக்கத்து வேலியில் கொழுவினேன். சமையல்காரரின் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன்மேல் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனேன். ஐம்பது சோடிக் கால்கள் ஒன்றும் பேசாமல் நிற்பது கீழே இருந்து பார்க்க நன்றாகத் தெரியும். வெட்கத்தில் என் காது சுட்டது.

சிரட்டைத் துண்டு கிடைத்தது. பல்சில்லுக்கும் அதன் இரும்பு மூடிக்கும் நடுவே ஆப்பு அடித்ததுபோல் நின்றது. வரதனின் ஆயுதப் பெட்டியில் திருகுசாவி இருந்தது. ஆனால் மோட்டாருக்குச் சுருள்வில்லில் இயங்கும் ஒரு பிரேக் உண்டு. ஒருவர் அதன் நெம்புகோலை அழுத்திப் பிடித்தால்தான் மற்றவர் தண்டைத் திருகலாம். எனக்கு இன்னொரு கை வேண்டும். வரதனைக் கூப்பிட்டேன். அவன் மூன்று துண்டுக் கோட்டும் வயிறுமாகக் குனிந்து பார்த்தான், உள்ளே வரக்கூடிய உருவம் அது இல்லை. வேறு யாரும் அசையவில்லை.

அப்போது ஒரு சோடிக் கால் முன்னுக்கு வந்தது. மோதிரமும் கடிகாரமும் ஐயரின் கைக்குப் போயின. ஞானம் படுத்துக்கொண்டு உள்ளே வந்தார். இடது தோளை முதலில் கொடுத்து, தலையைக் கடைசியாகத் திருப்பி எடுத்தார். பழக்கமில்லாத மனிதன் தலையை முதலில் கொடுத்து நெற்றியை இடித்துக்கொள்வான். நான் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் நெம்புகோலைக் கண்டுபிடித்து, கேட்காமலே அழுத்திப் பிடித்தார்.

நான் லாச்சியை வெளியே எடுக்கும் பக்கமாகத் திருகத் தொடங்கினேன். அது இன்னும் இறுகியது.

“அண்ணை, அந்தப் பக்கம் இழுக்காதேங்கோ” என்றார். “முதல்லை கொஞ்சம் உள்ளுக்குக் குடுங்கோ. இறுகினது இளகினாத்தான் எடுக்கலாம்.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்கு அதை நினைவுபடுத்த ஒருவர் வேண்டியிருந்தது. உள்பக்கமாக ஒரு கால் சுற்றுத் திருகினேன். சிரட்டை அசைந்தது. விரல் போகவில்லை. ஞானம் வெளியே பார்த்து ஒரு கொண்டை ஊசி கேட்டார். யாரோ ஒரு பெண் தலையில் இருந்து கழற்றித் தந்தாள். அதை வளைத்துக் கொழுவி நிதானமாக எடுத்தார். வெள்ளைத் தேங்காய் இன்னும் அதில் ஒட்டியிருந்தது.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

அவர் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பெல்ட்டிலை சூட்கேஸ் இறுகினாலும் இப்பிடித்தான். இருபத்திரண்டு வருசமா அதுக்குக் கீழைதான் படுத்தெழும்புறன்.”

“அப்ப நீங்கள் அதிகாரி இல்லையோ?”

“நீங்களும் எஞ்சினியர் மாதிரித் தெரியேல்லை.”

வண்டிக்கு அடியில் சத்தம் போட்டுச் சிரிக்க முடியாது, நெஞ்சு மோட்டாரில் முட்டும். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினோம். வண்டி ஆடுவதைப் பார்த்து மேலே சனம் ஏதோ பெரிய வேலை நடக்கிறது என்று நினைத்திருக்கும். எனக்கு அந்த இடத்தில் வந்த நிம்மதி, சொன்னால் நம்பமாட்டீர்கள், அழுகை மாதிரி இருந்தது.

பதினொன்று பத்துக்கு லாச்சி வெளியே வந்தது. சம்பந்தி அம்மா சாவியோடு ஓடினார். நாங்கள் அடியில் இருந்து எழும்பினோம். வேட்டி இரண்டும் கறுப்பு, கை நாலும் அதைவிடக் கறுப்பு. பெரியப்பா ஏதோ கேட்க வாய் திறந்தார். அதற்குள் பத்மா முந்திக்கொண்டாள்.

“இவருக்கு எப்பவும் இந்தக் குணம்தான். எவ்வளவு பெரிய எஞ்சினியரா இருந்தாலும் தானே கை வைச்சுப் பாக்கோணும்.”

“இவரும் அப்பிடித்தான்” என்றார் சம்பந்தி அம்மா, அலுமாரியைத் திறந்துகொண்டே. “அதிகாரி எண்டு ஒரு நாளும் இருக்கமாட்டார்.”

சபை அதை ஏற்றுக்கொண்டது. பெரிய மனிதர்களின் எளிமை பற்றி நாலு பேர் பேசவும் தொடங்கினார்கள். நாங்கள் சமையல்காரரிடம் எண்ணெயும் சீனியும் வாங்கிக் கையைத் தேய்த்துக் கழுவினோம். கிறீஸ் போவதற்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனாலும் நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. அந்தக் கையோடுதான் தாரை வார்த்தேன். என் கறுத்த விரல்களுக்குக் கீழே நிலானியின் கை, அதற்குக் கீழே ரொஷானின் கை. ஐயர் மந்திரத்தை எக்ஸ்பிரஸ் ரயிலாக ஓட்டினார். பதினொன்று இருபத்தைந்துக்குத் தாலி ஏறியது.

சாப்பாட்டு நேரத்தில் மகளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். மாமா ஏர்போட்டில் பெல்ட் திருத்துகிறவராம் என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்றாள். எப்போதிருந்து என்றேன். ஆரம்பத்தில் இருந்தே என்றாள். ரொஷானுக்கும் என்னைப் பற்றி அப்போதே தெரியுமாம். பட்டறை வாசலில் என்னை நீல உடுப்போடு பார்த்துக் கும்பிட்டும் இருக்கிறானாம், நான்தான் அவனை வண்டி கழுவ வேலை தேடி வந்த பெடியன் என்று நினைத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். வழக்கமாக அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு நான் விளங்காத மாதிரி நடிக்கக் கூடாது என்றோ என்னவோ, தமிழில் சொன்னாள்.

“மாமா பெல்ட் திருத்துறவர் எண்டு தெரிஞ்சிருந்தா நீங்கள் ஓம் எண்டிருப்பீங்களோ, பப்பா?”

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் பதிலுக்குக் காத்திருக்காமல் விருந்தாளிகளைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். அவளுக்குக் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது நானும் ஓய்வு, ஞானமும் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கூசேன்விலில் இருந்து வருவார், லா சப்பலில் ஒரு கடையில் தேநீர் குடிப்போம். இறுகின சூட்கேஸ்களைப் பற்றி அவர் சொல்வார், இறுகின லாச்சிகளைப் பற்றி நான் சொல்வேன். வெளியே யாரும் அதிகாரி, எஞ்சினியர் என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம், வீட்டில் இருக்கிறவர்களுக்காக. மகள் கேட்ட கேள்வி மட்டும் எனக்குள் கிடந்தது. போன மாதம் அதை அவரிடம் கேட்டுவிட்டேன். மெக்கானிக் வீட்டுப் பெண் என்று முதலே தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று.

அவர் கரண்டியால் தேநீரைக் கலக்கினார். சீனி கரைந்து முடிந்த பிறகும் கலக்கினார்.

“உண்மையைச் சொல்லுறதெண்டால், உங்கடை வீட்டுப் படியேறியிருக்கமாட்டன் அண்ணை” என்றார்.

“நானும் கதவு திறந்திருக்கமாட்டன்” என்றேன்.